புள்ளி வெச்சா மட்டும் படம் ஆயிடுமா மச்சி?

ஆடி மாசம் சனிக்கிழமை ராத்திரி பெரியபாளையம் பக்கம் போயிருக்கீங்களா பாஸ்? சென்னையிலேர்ந்து செங்குன்றம், ஜனப்பன்சத்திரம் தாண்டி நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஊருக்குள்ள கால் வைக்க இடம் இருக்காது. பஸ், வேன், குட்டி யானைனு கிடைச்ச வண்டியில வந்து இறங்குற ஜனம், பவானி அம்மன் கோயிலைச் சுத்தியும் ஆரணி ஆத்தங்கரையிலும் பாய் விரிச்சுப் படுத்திருக்கும். விடிஞ்சா ஞாயிறு. வேப்பிலையைக் கொத்துக் கொத்தா உடம்புல கட்டிக்கிட்டு, வேப்பஞ்சேலை வேண்டுதலோட கோயிலைச் சுத்துவாங்க. பொங்கல் அடுப்புப் புகை, மஞ்சத் தண்ணி, பம்பைச் சத்தம்... கையில கேமரா இருக்கிறவனுக்கு அது ஃபுல் மீல்ஸ்!

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, விஸ்காம் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக நாங்க அஞ்சு பேர் அங்கே போய் இறங்கினோம். கடன் வாங்கின டி.எஸ்.எல்.ஆர். ஒண்ணு, அதோட ஃப்ரீயா வந்த லென்ஸ் ஒண்ணு, கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட்டுக்குப் போற எங்க எடிட்டர் பார்ட்டியோட அண்ணன் தவணையில வாங்கின லேப்டாப் ஒண்ணு. இதான் எங்க மொத்த சொத்து. வேப்பஞ்சேலை கட்டி விடுற ஒரு ஆயாவைப் பத்தி பன்னெண்டு நிமிஷ டாக்குமென்டரி. ராத்திரி முழுக்க ஆயா பக்கத்துலயே உக்காந்து எடுத்தோம்.

படம் எப்படி வந்துச்சு? அதைத்தான் சொல்லப் போறேன். சிரிக்கக் கூடாது.

'செத்துப் போனவ கணக்கா...'

ராத்திரியில எடுத்ததெல்லாம் ஐ.எஸ்.ஓ. 12,800-ல எடுத்தது. அந்த லென்ஸோட வாயும் சின்னது, உள்ளே வெளிச்சம் போறதே பெரிய பாடு. லேப்டாப்ல போட்டுப் பார்த்தா, ஆயா முகத்துல சிவப்பும் பச்சையும் நீலமுமா எறும்பு ஊருது. எங்க எடிட்டர் பார்ட்டி அசரலையே! "மச்சி, ஃபீல் பண்ணாதே. இதை அப்படியே பழைய ஃபிலிம் லுக் ஆக்கிடலாம். தப்பும் மறைஞ்ச மாதிரி ஆச்சு, ஆர்ட் ஃபிலிம் மாதிரியும் ஆச்சு!"

'ஓல்டு ஃபிலிம்'னு ஒரு ப்ரீசெட். அதுல கிரெய்ன், கீறல், தூசி, படபடன்னு வெளிச்சம் துடிக்கிறது எல்லாமே ரெடிமேட். ஸ்லைடரை ஒரே இழுப்பு, நூத்துக்கு நூறு. கலரை எடுத்துட்டுக் கொஞ்சம் பழுப்பு பூசினோம். பார்த்ததும் அஞ்சு பேருக்கும் புல்லரிச்சிடுச்சு. உலக சினிமாடா டேய்!

டிபார்ட்மென்ட்ல போட்டதும் கைத்தட்டல். அந்த ஜோர்ல, ஆயாவுக்கும் காட்டிட்டு வரலாம்னு லேப்டாப்போட பெரியபாளையம் போனோம். ஆயா பேசாம பார்த்துச்சு. முழுசா பார்த்து முடிச்சதும், எங்களை ஒரு பார்வை பார்த்துச்சு.

"இன்னா கண்ணு... என்னிய செத்துப் போனவ கணக்கா காட்டிக்கினு கீறீங்க?"

அஞ்சு பேருக்கும் வாய் அடைச்சிடுச்சு. ஏன்னா ஆயா சொன்னது நிஜம். பழைய நியூஸ் ரீல்ல வர்ற, எப்பவோ வாழ்ந்து போன யாரோ மாதிரிதான் திரையில தெரிஞ்சுது. எதிர்ல உக்காந்து வெத்தலை இடிச்சுக்கிட்டிருந்த மனுஷியை, ஒரு ஸ்லைடரால அம்பது வருஷம் பின்னாடி தள்ளிட்டோம்.

புள்ளிதான் முதல்ல!

திரும்பி வர்றப்போ, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோ. எங்க கேமரா பார்ட்டிக்குத் தெரிஞ்சவர், கல்யாண வீடியோ, பாஸ்போர்ட் போட்டோ, எல்லாம் எடுக்கிற பெரியவர். சோகத்தைக் கொட்டினோம். படத்தைப் போடச் சொல்லி ஒரு நிமிஷம் பார்த்தவர், பீரோவுல கையை விட்டு ஒரு பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவை எடுத்தார். கூடவே ஒரு பூதக்கண்ணாடி.

"தம்பி, கோலம் போடுறப்போ முதல்ல என்ன வைப்பாங்க?"

"புள்ளி, அங்கிள்."

"கோலத்தைப் போட்டு முடிச்சிட்டு, அதுமேல புள்ளியை வாரி எறைச்சா?"

"..."

"அதைத்தான் நீங்க பண்ணியிருக்கீங்க!"

அந்த ஒத்தை வரியை விரிச்சா, ஃபிலிமோட மொத்த விஞ்ஞானமும் உள்ளே இருக்கு. ஃபிலிம் சுருள்ங்கிறது ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதுமேல ஜெலட்டின் பூச்சு. அந்த ஜெலட்டினுக்குள்ள குருணை குருணையாக் கலந்திருப்பது வெள்ளி ஹாலைடு படிகங்கள், முக்கியமா வெள்ளி புரோமைடு. ஒவ்வொண்ணும் சுமாரா ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. வெளிச்சம் பட்ட படிகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நடக்கும். டெவலப்பர்ல முக்கினா, அந்தப் படிகம் மட்டும் நிஜ வெள்ளியா மாறிக் கறுப்பாத் தெரியும். வெளிச்சம் படாதது கரைஞ்சு போயிடும். இந்தக் கறுப்புப் புள்ளிகள் எங்கே நெருக்கமா இருக்கு, எங்கே கலைஞ்சு இருக்குங்கிறதுதான் படமே.

நாம திரையில 'கிரெய்ன்'னு பார்க்கிறது ஒத்தைப் படிகம் இல்லை. பல படிகங்கள் ஒண்ணு மேல ஒண்ணா, கும்பல் கும்பலா அமைஞ்சு தெரியிற தோற்றம். கலர் ஃபிலிம்ல வெள்ளியைக் கடைசியில கழுவி எடுத்துடுவாங்க. அது இருந்த இடத்துல சாயத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். அதான் கலர் கிரெய்ன் கொஞ்சம் மெத்துனு இருக்கும்.

ஆக, கிரெய்ன்ங்கிறது படத்து மேல படிஞ்ச தூசி இல்லை பாஸ். படத்தோட சதையே அதுதான். அதை எடுத்துட்டா அங்கே படமே இல்லை.

இன்னொரு விஷயம். இருட்டுல எடுக்கிற 'ஃபாஸ்ட்' ஃபிலிம்ல படிகங்கள் பெரிசு. பெரிய படிகம் கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிச்சிடும், ஆனா கண்ணுக்கும் தெரியும். நல்ல வெயில்ல எடுக்கிற 'ஸ்லோ' ஃபிலிம்ல படிகம் பொடிசு. அதே மாதிரி 16 மி.மீ. ஃபிலிமோட ஒரு ஃப்ரேம், 35 மி.மீ. ஃப்ரேமோட பரப்புல நாலுல ஒரு பங்குகூடக் கிடையாது. அதை அதே திரைக்கு இழுத்துப் பெரிசாக்கினா புள்ளியும் பெரிசாத்தானே தெரியும்? சின்ன பட்ஜெட் படம், டாக்குமென்டரி, செய்திப்படம் எல்லாம் பெரும்பாலும் 16-ல எடுத்தாங்க. 'கிரெய்ன் இருந்தா நிஜம் மாதிரி இருக்கு'னு நமக்குத் தோணுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஊட்டியில ஒரு இருட்டு ஃபேக்டரி

"இந்த நெகட்டிவ் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? நம்ம ஊட்டியிலேர்ந்து!"ன்னார் பெரியவர். ஊட்டின்னா நமக்கு பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், ஹோம்மேட் சாக்லேட். ஆனா ஒரு காலத்துல இந்தியாவுக்கே ஃபிலிம் கொடுத்த ஊர் அது. ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் அங்கே உற்பத்தி ஆரம்பிச்சுது. 'இந்து'ங்கிற பேர்ல கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல், போட்டோ பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் வந்துச்சு. அந்த ஏரியாவுக்கே 'இந்து நகர்'னு பேர். நம்ம அப்பா, அம்மா காலத்து ஸ்கூல் குரூப் போட்டோ, ஹால் டிக்கெட் போட்டோ, தாத்தாவோட நெஞ்சு எக்ஸ்ரேன்னு எத்தனையோ வீட்டு நினைவுகள் அந்த ஊட்டிப் பூச்சுல பதிஞ்சதுதான்.

யோசிச்சுப் பாருங்க... வெளிச்சம் பட்டா சரக்கு காலி. அதனால பூச்சு வேலை மொத்தமும் இருட்டுல நடக்கணும். ஒரு துளி தூசி விழக் கூடாது. நாம இன்னிக்கு ஒரு க்ளிக்ல தெளிக்கிற புள்ளியை, அன்னிக்கு இருட்டுல கை தடவி நடந்து வேலை செஞ்ச மனுஷங்கதான் தயாரிச்சுக் கொடுத்தாங்க. கலர் ஃபிலிமோட போட்டி, அப்புறம் டிஜிட்டலோட போட்டின்னு அடி மேல அடி. தொண்ணூறுகள்ல நலிவடைஞ்ச அந்த நிறுவனம் அப்புறம் மூடப்பட்டுடுச்சு.

விரட்டினதும் நாமதான், கூப்பிட்டதும் நாமதான்

இதுல ஒரு செம காமெடி இருக்கு. ஃபிலிம் இருந்த காலம் முழுக்க, விஞ்ஞானிங்க தலையைப் பிச்சுக்கிட்டது கிரெய்னைக் குறைக்கத்தான்! 1980-கள்ல கோடாக், படிகத்தை உருண்டையா இல்லாம தட்டைத் தட்டையா வளர்க்கிற வித்தையைக் கொண்டு வந்துச்சு. அதே வெளிச்சத்துக்குக் கம்மி கிரெய்ன். ஒளிப்பதிவாளர்களும் கிரெய்ன் தெரியாம எடுக்கிறதைத்தான் கெத்தா நெனைச்சாங்க.

அப்புறம் டிஜிட்டல் வந்துச்சு. தமிழ்ல 2005-ல் வந்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது. 2009-ல் வந்த 'உன்னைப்போல் ஒருவன்' ரெட் கேமராவில். அங்கேர்ந்து நாலஞ்சு வருஷத்துல ஆட்டமே மாறிப்போச்சு. 2012 ஜனவரியில கோடாக் திவால் நோட்டீஸ் கொடுத்துச்சு. 2013-ல் ஃப்யூஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பையே நிறுத்திடுச்சு. ஆயிரம் அடி ரோல் போட்டா 35 மி.மீ.-ல பதினோரு நிமிஷம்தான் ஓடும், ஒவ்வொரு டேக்கும் காசுங்கிற காலம் போய், கார்டு நிறையிற வரைக்கும் எடுத்துத் தள்ளுற காலம் வந்துச்சு.

இப்போ கிரெய்ன் இல்லாத சுத்தபத்தமான படம் எல்லார் போன்லயும் வந்துடுச்சு. உடனே என்ன ஆச்சு? 'ரொம்பப் பளிச்சுனு இருக்கு மச்சி, சினிமா மாதிரி இல்லை'ன்னு ஏங்க ஆரம்பிச்சிட்டோம். நாம மட்டும் இல்லை, ஹாலிவுட்டும்தான். 2021-ல் வந்த 'டியூன்' டிஜிட்டல் கேமராவில் எடுத்த படம். முடிச்சதும் அதை அப்படியே நிஜ ஃபிலிம் சுருள்ல பதிச்சு, அந்தச் சுருளை மறுபடி ஸ்கேன் பண்ணி டிஜிட்டல் ஆக்கினாங்க. கோலத்தை அழிச்சு, புள்ளியிலேர்ந்து திரும்பப் போட்ட மாதிரி! 2023-ல் வந்த 'ஓப்பன்ஹைமர்' ஒரு படி மேல. நேரா ஃபிலிம்லயே எடுத்தாங்க. அதோட கறுப்பு வெள்ளைக் காட்சிகளுக்காகவே 65 மி.மீ.-ல கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கோடாக் புதுசா தயாரிச்சுக் கொடுத்துச்சு.

மெழுகு பொம்மை ஆபத்து

கிரெய்னைக் கண்டபடி சேர்க்கிறது ஒரு தப்புன்னா, கண்டபடி எடுக்கிறதும் தப்புதான். 1987-ல் வந்த 'பிரிடேட்டர்' படத்தை 2010-ல் ப்ளூ-ரே டிஸ்க்கா மறுபடி விட்டாங்க. 'இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கிரெய்ன் பிடிக்காது'ங்கிற நெனைப்பு போல, சாஃப்ட்வேர் வெச்சு மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டாங்க. கூடவே தோலோட துவாரம், வியர்வை, தாடி முடி எல்லாம் போயிடுச்சு. அர்னால்டு மெழுகு பொம்மை மாதிரி நின்னார். ரசிகர்கள் காறித் துப்பாத குறை!

பழைய படங்களைச் சுத்தம் பண்றவங்களுக்கு இதான் தினசரி தலைவலி. நம்ம 'கர்ணன்' 1964-ல் வந்த படம், டிஜிட்டல்ல புதுப்பிச்சு 2012-ல் தியேட்டருக்கு வந்தப்போ ஜனம் திரண்டு வந்து பார்த்துச்சு. இந்த மாதிரி வேலையில கீறல், தூசி, வெளிச்சம் துடிக்கிறது எல்லாம் பிற்பாடு வந்த காயம். அதை எடுக்கலாம், எடுக்கணும். கிரெய்ன் பிறவியிலேயே இருக்கிறது. அதுல கை வைக்கிறப்போ ரொம்ப யோசிக்கணும். நாங்க என்ன பண்ணோம்? காயத்தையும் சதையையும் ஒரே ப்ரீசெட்ல கலந்து ஆயா முகத்துல அப்பினோம்.

நாய்ஸ் வேற, கிரெய்ன் வேற

எங்களோட முதல் முட்டாள்தனம் இதுதான். நாய்ஸை மறைக்க கிரெய்ன் போட்டது. அழுக்குச் சட்டை மேல சென்ட் அடிச்ச கதை.

டிஜிட்டல் சென்சார்ல பிக்ஸல் எல்லாம் கட்டம் கட்டமா, அசையாம அதே இடத்துல இருக்கும். வெளிச்சம் பத்தலைன்னா கேமரா சிக்னலை இழுத்துப் பெரிசாக்கும். கூடவே குப்பையும் பெரிசாகும். அதுல கலர் கலரா பொட்டு வரும், சில கேமராவுல கோடு கோடாவும் வரும். ஃபிலிம்ல அப்படி இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமும் புது ஃபிலிம். நொடிக்கு 24 ஃப்ரேம்னா, 24 விதமான புள்ளி அமைப்பு. அதனாலதான் நிஜ கிரெய்ன் கொதிக்கிற சோத்துப் பானை மாதிரி மெல்ல உயிரோட அலைஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரே படத்தை எல்லா ஃப்ரேம் மேலயும் ஒட்டினா, அழுக்கு ஜன்னல் வழியா பார்க்கிற மாதிரிதான் இருக்கும்.

சரி, எப்படிப் போடுறது?

ரெண்டு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டு, நாலஞ்சு தடவை சொதப்பிக் கத்துக்கிட்டதை உங்களுக்கு ஃப்ரீயா தர்றோம். வெச்சுக்குங்க.

1. முதல்ல குளிப்பாட்டுங்க. நாய்ஸைக் குறைங்க, முக்கியமா கலர் நாய்ஸை. வெளிச்சத்தோட விவரத்தை விட்டுட்டு நிறத்தை மட்டும் லேசா மங்கலாக்கினாலே பாதி எறும்பு ஓடிடும். முகம் மெழுகாகுதுன்னா உடனே பிரேக் போடுங்க.

2. கிரெய்ன் கடைசி வேலை. கட்டிங், கலர் கரெக்‌ஷன், சைஸ் மாத்துறது எல்லாம் முடிஞ்சப்புறம்தான். கிரெய்ன் போட்டுட்டுக் கான்ட்ராஸ்ட்டை ஏத்தினா புள்ளியும் சேர்ந்து முறைக்கும். ஜூம் பண்ணினா புள்ளி கோலிக்குண்டு ஆயிடும்.

3. வழி ரெண்டு. சாஃப்ட்வேர்லயே இருக்கிற எஃபெக்ட் ஒண்ணு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல ஆட் கிரெய்ன் இருக்கு. டாவின்சி ரிசால்வ்ல ஃபிலிம் கிரெய்ன் எஃபெக்ட் காசு கொடுத்து வாங்குற ஸ்டுடியோ பதிப்புக்கானது. ரெண்டாவது வழி, சாம்பல் நிறத்துல படம் பிடிச்சு ஸ்கேன் பண்ணின நிஜ கிரெய்ன் க்ளிப்பை மேல் டிராக்ல போட்டு, 'ஓவர்லே' மோடுக்கு மாத்துறது. ஓவர்லேல நடு சாம்பலுக்கு வேலையே இல்லை, காணாம போயிடும். புள்ளி மட்டும் கீழே இருக்கிற படத்துல இறங்கும். இது இலவச சாஃப்ட்வேர்லயும் நடக்கும்.

4. ஒப்பாசிட்டியை 15, 20 சதவிகிதத்துல ஆரம்பிங்க. நல்லாத் தெரியுதுன்னு தோணுற இடத்துலேர்ந்து பாதியாக் குறைங்க. போட்டிருக்கிறது தெரியக் கூடாது, எடுத்தா ஏதோ குறையுதேன்னு தோணணும். அளவு அதான்.

5. கிரெய்ன் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது. நடு வெளிச்சத்துல, அதாவது கன்னம், சுவர், மேக மூட்டமான வானம் மாதிரி இடங்கள்ல நல்லாத் தெரியும். பளீர் வெள்ளையிலயும் கரிக் கறுப்பிலயும் அடங்கியிருக்கும். எஃபெக்ட்ல இதுக்குத் தனித்தனி கன்ட்ரோல் இருந்தா கண்டிப்பா தொடுங்க.

6. பார்க்கிறப்போ நூறு சதவிகித அளவுல, ஓட விட்டுப் பாருங்க. பாஸ் பண்ணி, ஃப்ரேமை நிறுத்தி வெச்சுக் கிரெய்ன் முடிவு பண்ணவே கூடாது. 4கே-ல சரியா இருக்கிற புள்ளி, போன் திரையில மறைஞ்சே போயிடும்.

7. க்ளிப் அஞ்சு செகண்ட்தான் இருக்குன்னு அதையே சுத்திச் சுத்திப் போடாதீங்க. பழகின கண்ணு கண்டுபிடிச்சிடும்.

யூடியூப்ங்கிற சல்லடை

இவ்வளவும் பண்ணி அப்லோட் பண்ணினோம். பார்த்தா, கிரெய்ன் எல்லாம் கட்டம் கட்டமா உறைஞ்சு போய்க் கிடக்கு. ஏன்?

வீடியோவைச் சுருக்குற கோடெக் ரொம்பச் சாமர்த்தியசாலி. ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் எது மாறலையோ அதைத் திரும்ப எழுதாது, 'முன்னாடி இருந்ததே'ன்னு போயிடும். கிரெய்ன்தான் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முழுசா மாறுதே! கோடெக் பாவம், ஒவ்வொரு புள்ளியையும் புதுச் செய்தின்னு நெனைச்சு எழுதி எழுதி, கையில இருக்கிற டேட்டா மொத்தத்தையும் அதுக்கே செலவு பண்ணிடும். முகத்துக்கு மிச்சம் இருக்காது. அதான் கட்டம் கட்டமா உடையுது.

சாதாரண 1080-க்கு யூடியூப் சொல்ற அளவு 8 எம்.பி.பி.எஸ். கிரெய்ன் போட்ட படத்துக்கு அது போதாது. உங்க பக்கத்துலேர்ந்து அதைவிட நல்லா கூட்டி எக்ஸ்போர்ட் பண்ணுங்க. முடிஞ்சா 4கே-ல ஏத்துங்க. பார்க்கிறவங்க 4கே-ல பார்த்தா யூடியூப் அதுக்குத் தாராளமாவே டேட்டா ஒதுக்கும். ஹெச்.ஓ.டி.க்கு வாட்ஸ்அப்ல அனுப்புறீங்களா? வீடியோவா அனுப்பாம டாக்குமென்டா அனுப்புங்க, இல்லேன்னா கஞ்சி ஆயிடும்.

2018-ல் வந்த ஏ.வி.1 கோடெக்ல இதுக்குன்னே ஒரு தந்திரம் வெச்சிருக்காங்க. அனுப்புறதுக்கு முன்னாடி கிரெய்னைப் பிரிச்சு எடுத்துட்டு, சுத்தமான படத்தையும் 'கிரெய்ன் இந்த மாதிரி இருந்துச்சு'ங்கிற குறிப்பையும் மட்டும் அனுப்பும். பார்க்கிறவனோட டி.வி.யோ போனோ, அந்தக் குறிப்பைப் படிச்சு அங்கேயே புதுசா கிரெய்ன் தயார் பண்ணிக்கும். சமைச்ச இட்லியை அனுப்பாம மாவு பக்குவத்தை எழுதி அனுப்புற மாதிரி!

எப்போ போடலாம்?

நம்ம கேள்வி 'எப்படி'யிலேயே முடிஞ்சிடக் கூடாது. 'எதுக்கு'ன்னும் கேக்கணும்.

கிரெய்னுக்கு நியாயமான வேலைகள் நிறைய இருக்கு. பாதி டி.எஸ்.எல்.ஆர்., பாதி போன்னு கலந்து எடுத்த படத்துல, மேல ஒரே அளவா மெல்லிசு கிரெய்ன் போட்டா ரெண்டும் அண்ணன் தம்பி ஆயிடும். விடிகாலை வானத்துல கலர் படிப்படியா வரி வரியா உடையுதே, அதையும் கிரெய்ன் கலைச்சு விட்டுச் சரி பண்ணும். 8 பிட் வீடியோவுல ஒரு நிறத்துக்கு 256 படிதான், அதனால வர்ற வியாதி அது. கிராஃபிக்ஸ்ல செஞ்ச பொருளை நிஜக் காட்சியில ஒட்டுறப்போ, அங்கே இருக்கிற கிரெய்னை அளந்து அதே மாதிரி போடலைன்னா பல்லிளிச்சிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல மேட்ச் கிரெய்ன்னு தனி எஃபெக்டே வெச்சிருக்காங்க. கதையில ஒரு நினைவு, ஒரு கனவு, அதுக்காகப் போட்டாலும் ஓகே.

ஆனா டாக்குமென்டரின்னா ஒரு லட்சுமணக் கோடு உண்டு. நேத்து எடுத்ததைப் பழைய காலத்துப் படம் மாதிரி காட்டுறது, பார்க்கிறவங்களை ஏமாத்துற வேலை. அப்படி ஒரு காட்சி தேவைன்னா, 'இது இப்போ எடுத்தது'ன்னு திரையில ஒரு வரி போட்டுடணும். முக்கியமா, அது யாரோட முகம்னு பார்க்கணும். நம்ம ஸ்டைலுக்காக ஒருத்தர் முகத்தைப் பழசாக்குறப்போ, அவங்க நிகழ்காலத்தையே அவங்ககிட்டேர்ந்து பிடுங்குறோம். ஆயா சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல எங்களுக்கு வேற பாடம் தேவைப்படலை.

மூக்குத்தி

ஹார்ட் டிஸ்க்ல ஒரிஜினல் எல்லாம் பத்திரமா இருந்துச்சு. சாமி புண்ணியம்! ஃபர்ஸ்ட்லேர்ந்து உக்காந்தோம். ராத்திரி எடுத்ததுல ரெண்டே ரெண்டு ஷாட்டை மட்டும் வெச்சுக்கிட்டோம், கலர் நாய்ஸை வழிச்சிட்டு. மிச்சமெல்லாம் விடிஞ்சப்புறம் ஐ.எஸ்.ஓ. 400-ல எடுத்தது. அதை முன்னாடி 'வெளிச்சம் ரொம்ப சாதாரணமா இருக்கு'ன்னு நாங்களே ஒதுக்கி வெச்சிருந்தோம்! பழுப்பு அவுட். கீறல் அவுட். வேப்பிலையோட பச்சையும் மஞ்சளும் திரும்பி வந்துச்சு. கடைசியா, ராத்திரி ஷாட்டும் காலை ஷாட்டும் ஒட்டுறதுக்காக, ரெண்டு மேலயும் பட்டும் படாம ஒரு கிரெய்ன். பன்னெண்டு சதவிகிதம்.

மறுபடி பெரியபாளையம். மறுபடி ஆயா வீட்டுத் திண்ணை. இந்தத் தடவை அக்கம் பக்கத்துச் சனமும் சேர்ந்துடுச்சு. எங்க எடிட்டர் பார்ட்டி கையைப் பிசைஞ்சுக்கிட்டு ஓரமா நின்னான்.

காலை வெயில் முகத்துல விழுற ஷாட் வந்துச்சு. ஆயா சட்டுனு முன்னாடி குனிஞ்சு, பேத்தியோட தோளைத் தட்டி, திரையைக் காட்டுச்சு.

"தே பார்றீ... மூக்குத்தி மின்னுது!"

ஆயா மூக்குத்தி போட்டிருக்கிறதையே நாங்க அப்போதான் பார்த்தோம். முதல் படத்துல அந்த மினுக்கல் எங்க கிரெய்னுக்குள்ள ஒரு புள்ளியா கரைஞ்சு போயிருந்துச்சு.

கிளம்புறப்போ ஆயா எங்க எடிட்டர் பார்ட்டியை மட்டும் தனியா கூப்பிட்டுச்சு. "கண்ணு, அந்த ரெண்டாவதா வர்ற பொண்ணுக்குக் கொத்து தலைகீழா கட்டிட்டேன் போலகீது. அத்த மட்டும் எடுத்துடு."

எடுக்கலை மக்களே. அது அப்படியே இருக்கு படத்துல!